நுரையீரல் பயாப்சியை மறுபரிசோதனைக்குக் கொடுத்த அனுபவம்

சென்னையில் ஒரு பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பேத்தாலஜி துறையில், வெளியே எடுத்த பயாப்சியையும் வாங்கி மறுபடி பார்த்து ரிப்போர்ட் தருகிறார்கள். என் சித்திக்காகப் போனோம். புகைபிடிக்காத ஒருவருக்கு நுரையீரல் கட்டியில் 'ஸ்மால் செல்' (வேகமாகப் பரவும், பெரும்பாலும் புகைபிடிப்பவர்களுக்கு வரும் புற்றுநோய்) என்று ரிப்போர்ட் வந்திருந்தால், கீமோ தொடங்கும் முன் இப்படி ஒரு இடத்தில் கட்டாயம் காட்டுங்கள்.

சித்திக்கு வீசிங் என்று வருஷக்கணக்கில் இன்ஹேலர்தான். சளியில் ரத்தம் வந்ததும் டிபி டெஸ்ட் எடுத்தார்கள், இல்லை. அப்புறம் சிடி எடுத்தால் இடது மூச்சுக்குழாய்க்குள்ளேயே கட்டி, பிராங்கோஸ்கோப்பியில் எடுத்த துணுக்கோ ரொம்பப் பொடிசு, அதை வைத்தே ஸ்மால் செல், உடனே கீமோ என்று சொல்லிவிட்டார்கள்.

இங்கே ஸ்லைடு பார்த்த டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். இதற்காகவே முழு மதிப்பெண் கொடுப்பேன். கார்சினாய்டு என்று மெதுவாக வளரும் ஒரு வகை இருக்கிறதாம், நுரையீரல் புற்றுநோய்களில் 100-க்கு ஒன்றிரண்டுதான். கிள்ளி எடுக்கும்போது செல்கள் நசுங்கிவிட்டால் அது ஸ்மால் செல் மாதிரியே தெரியும், சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் சாயங்களும் இரண்டிலுமே பிடிக்கும் என்பதால் அவற்றை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பிரித்துக் காட்டியது கேஐ-67. எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும் சாயம் அது, ஸ்மால் செல்லில் பெரும்பாலும் 70, 80 சதவீதத்தைத் தாண்டும். சித்திக்கு வந்தது 3.

ரிப்போர்ட்டில் 'கார்சினாய்டு கட்டி' என்பதோடு நிறுத்தியிருந்தார்கள். டிப்பிக்கலா (மெதுவாக வளர்வது) ஏடிப்பிக்கலா (கொஞ்சம் வேகமாக வளர்வது) என்பதை முழுக் கட்டியையும் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்று அதிலேயே எழுதியிருந்தது எனக்குப் பெரிய நம்பிக்கை கொடுத்தது. சாதாரண பெட் ஸ்கேனில் இந்த வகை சரியாகத் தெரியாமல் போகலாம் என்று இதற்கென்றே இருக்கும் காலியம்-68 டோட்டா பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். பரவவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு முழுக் கட்டியில் 2 சதுர மில்லிமீட்டருக்கு ஒரே ஒரு செல்தான் பிரிந்துகொண்டிருந்தது, இறந்த திசுவும் இல்லை. 2-க்குக் கீழே இருந்தால் டிப்பிக்கல். கீமோ தேவைப்படவே இல்லை.

குறை என்றால் கவுண்டர்தான். ஸ்லைடு மட்டும் போதும் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு பாரஃபின் பிளாக் (எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டி) வேண்டும் என்றார்கள், அதைப் பழைய லேப்பில் கேட்டு வாங்குவதற்குள் சித்தப்பா அலைந்து களைத்துவிட்டார். கேஐ-67 மாதிரியான ஐஎச்சி சாயங்களுக்குத் தனிக் கட்டணம் என்பதையும் கடைசியில்தான் சொன்னார்கள், கையில் பணமில்லாத குடும்பம் அந்த இடத்தில் என்ன செய்யும்? இதை அவர்கள் முதல் நாளே சொல்ல வேண்டும்.

போகிறவர்கள் பிளாக், ஸ்லைடு, பழைய ரிப்போர்ட், சிடி படங்கள், பிராங்கோஸ்கோப்பி குறிப்பு எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்துக்கொண்டு போங்கள். பழைய லேப்பில் பிளாக் தரத் தயங்கினால், நோயாளி பெயரில் எழுத்தில் கேளுங்கள், எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது.