கரோல் பாக் டிராவல் ஏஜென்சி: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

தில்லியில் மத்திய அரசு அலுவலகமான சாஸ்திரி பவனில் 31 வருடம் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு காகிதத்தில் பெயர் தப்பாக இருந்தால் அது எங்கே போய் முட்டும் என்று தெரியும். தெரிந்தும் கோட்டை விட்டேன். ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை. அந்த கவுண்டர் பையன் நல்ல பிள்ளை, அவன் பிழைப்பில் மண் விழ வேண்டாம்.

2024 நவம்பரில், ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் பழக்கமான 14 பேர் நேபாளம் கிளம்பினோம். ஊர் சுற்ற இல்லை. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் சிந்துபால்சோக் மாவட்டம் அடைந்த சேதம் கொஞ்சநஞ்சமல்ல. அங்கே இடிந்து மறுபடி எழுந்த ஒரு பள்ளிக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு அறையை நூலகமாக்கித் தருவது திட்டம். பத்துப் பேராகிவிட்டால் நாமே ஆன்லைனில் டிக்கெட் போட முடியாது, குரூப் புக்கிங் என்று தனி வழி. அதனால்தான் ஏஜென்சி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விலை நியாயம். கெஞ்சிக் கூத்தாடி ஆளுக்கு 5 கிலோ கூடுதல் லக்கேஜ் வாங்கித் தந்தார்கள். 14 பேருக்கு 70 கிலோ, ஐந்து அட்டைப்பெட்டி புத்தகமும் அதில் அடங்கிவிட்டது. அப்போது 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டு நேபாளத்தில் செல்லாது. அதைப் பையன் முதல் நாளே சொல்லி, எங்களை நூறு ரூபாய்க் கட்டாகச் சேர்க்க வைத்தான். நம் 100 அங்கே 160, கணக்குப் போட எளிது. பனிமலை தெரியும் என்று இடது பக்க ஜன்னல்களாகப் பார்த்துப் பிடித்தும் கொடுத்தான். இதெல்லாம் காசு கொடுத்தாலும் எல்லா இடத்திலும் கிடைக்காது.

பெயரில்தான் வழுக்கினார்கள். நாங்கள் அனுப்பிய பட்டியலில் பாதிப் பேருக்கு இனிஷியல். பையன் போன் போட்டு, "ஆன்ட்டி, இன்கா சர்நேம் க்யா ஹை?" என்றான், அதாவது இவர்கள் குடும்பப் பெயர் என்ன என்று. எங்களில் அப்படி ஒன்று கிடையாது, தகப்பனார் பெயரைத்தான் முன்னால் போடுவோம் என்று விளக்கினேன். "அச்சா, அச்சா" என்றான். அது புரிந்ததற்கான அச்சா இல்லை. குழுவில் மூத்தவரான 71 வயது மாமாவுக்கு நேராகவே போன் செய்து, "அங்கிள், கே மத்லப்?", கே என்றால் என்ன என்று கேட்டிருக்கிறான். மாமாவின் கே அந்தக் காலத்து ஊர் இனிஷியல். அவரும் கம்பீரமாக, "கும்பகோணம்" என்றிருக்கிறார்.

டிக்கெட் வந்ததும் நான் தேதியைப் பார்த்தேன், தொகையைப் பார்த்தேன், பெயரைப் பார்க்கவில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் மாமா வாட்ஸ்அப் குழுவில் அவர் டிக்கெட்டைப் போட்டு, "ஊர்ப்பேர் ஏறியிருக்கு பாருங்கோ!" என்று ஒரு கைகூப்பலும் வைத்திருந்தார். சர்நேம்: கும்பகோணம். ஆதாரிலோ வெறும் பெயர் மட்டும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பையன் ராத்திரி பதினோரு மணி வரை கடையைத் திறந்து வைத்து, ஏர்லைன்ஸோடு மல்லுக்கட்டி மாற்றினான். அதற்குப் பணம் வாங்கவில்லை. ஒரு நட்சத்திரம் இங்கே குறைகிறது. அவனால் அரை நட்சத்திரம் திரும்பியிருக்க வேண்டும், ஆனால் அடுத்த கூத்தைக் கேளுங்கள்.

ஏஜென்சி அனுப்பிய மெசேஜில் "ஏதாவது ஒரு அரசு அடையாள அட்டை கொண்டு வரவும்" என்று மட்டும் இருந்தது. மாமா ஆதாரோடு வருவதைப் பார்த்து, எங்கள் குழுவின் 42 வயதுப் பெண்ணும் ஆதாரோடு டெர்மினல் 3-க்கு வந்துவிட்டாள். நேபாளத்துக்கு ஆதார் 15 வயதுக்குக் கீழேயும் 65-க்கு மேலேயும் இருப்பவர்களுக்குத்தான் செல்லும். நடுவில் இருக்கிறவர்களுக்குப் பாஸ்போர்ட் வேண்டும், இல்லையென்றால் வாக்காளர் அட்டை. இந்த ஒரு வரியை மெசேஜில் சேர்க்க எத்தனை நேரம் ஆகும்?

நல்ல வேளை, வீடு அதிக தூரமில்லை, முனிர்க்காவில். அவள் கணவர் எதைத் தேடுவது என்று தெரியாமல் பீரோவில் இருந்த ரெக்ஸின் பையை அப்படியே ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு வந்தார். தில்லிப் புகையில் கண் சிவந்திருந்தது. டிராலி மேலேயே பையைக் கவிழ்த்தோம். எல்.ஐ.சி. பாலிசி, பெண்ணின் தடுப்பூசி அட்டை, தண்ணீர் பில். கேஸ் புத்தகத்துக்குள் ஒட்டிக்கொண்டு கிடைத்தது வாக்காளர் அட்டை. கவுண்டர் மூட எட்டு நிமிடம். ஏஜென்சி கொடுத்த பேனரைப் பிடித்து குரூப் போட்டோ எடுக்க வேண்டுமாம், யாருக்கும் தெம்பில்லை. சேவைக்குப் போகிறவர்களுக்கு பேனர் எதற்கு என்று எனக்கு இன்னமும் புரியவில்லை.

மலை தெரிந்தது. அதில் குறையே இல்லை. காட்மாண்டுவில் இறங்கி கைக்கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டு வெளியே வந்தால், வேன் டிரைவர் கையில் ஒரு அட்டை: "மிஸ்டர் கும்பகோணம், 14 பேர்". பழைய பட்டியலையே அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே! ராஜாவை வரவேற்க வந்த மாதிரி முன்னால் நடந்தார்.

வேனில் ஏறியதும் டிரைவரிடம் நிகழ்ச்சி நிரலைக் காட்டினேன். "சனிக்கிழமை: பள்ளியில் பணி தொடக்கம்" என்று ஏஜென்சி அழகாக அச்சடித்திருந்தது. அவன் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "மேடம், எங்களுக்கு சனிக்கிழமைதான் லீவு. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் உண்டு" என்றான். நேபாளத்துக்கே டிக்கெட் விற்கிற கடைக்கு இது தெரியாதா? இரண்டாவது நட்சத்திரம் அங்கே விழுந்தது.

சனிக்கிழமை பசுபதிநாதர் கோயிலுக்குப் போனோம். அங்கே பூஜை செய்கிற பட்டர்கள் கர்நாடகக்காரர்கள் என்றதும் மாமா அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் ஒரு காகிதத்தில் எழுத ஆரம்பித்தார். ஊர்ப்பேரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.