இடுப்பில் ஆறு ஆண்டுகள்: மூன்று துப்பாக்கிகளும் ஒரு பெல்ட்டும்

ஹூஸ்டனுக்குத் தெற்கே பெட்ரோல் பங்கோடு சேர்ந்த ஒரு சிறிய கடை நடத்துகிறேன். 2019இல் ஒரு புதன்கிழமை இரவு, கடையை அடைக்கும் நேரத்தில் முகத்தை மூடிய ஒருவன் உள்ளே வந்து என் நெஞ்சுக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டினான். கல்லாவில் இருந்ததை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டான். அன்று என்னிடமும் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று பலர் கேட்டுவிட்டார்கள். அப்போதும் பணத்தைத்தான் கொடுத்திருப்பேன். நீட்டப்பட்டிருக்கும் துப்பாக்கியின் எதிரே நின்றுகொண்டு, இடுப்பில் இருப்பதை எடுத்து முந்திவிடலாம் என்பது நடக்கிற காரியம் இல்லை. பணத்தை வாங்கிய பிறகும் போகாதவன் ஒருவன் வந்தால் என்ன செய்வது என்ற கேள்விதான் என்னைத் தூங்க விடவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் துப்பாக்கி வாங்கினேன்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எச்1பி விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தால் தவிர, துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிப்பதில்லை. கிரீன் கார்டு வந்த பிறகுதான் நான் துப்பாக்கிக் கடைப் பக்கமே போனேன். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். ஆனாலும் உரிமம் வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து, மாநிலம் கொடுத்த உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு. மகளைப் பள்ளியில் இறக்கிவிடும் எனக்கு இது சின்ன விஷயம் இல்லை. உரிமத்துக்கான சுடும் தேர்வும் கடினமானது அல்ல. 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10 என 50 தோட்டாக்கள் சுட வேண்டும். 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. அதில் தேறியவுடன் சுடத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். அது தவறு என்பது பிறகு புரிந்தது.

முதலில் வாங்கியது சட்டைப் பைக்குள்ளேயே அடங்கிவிடும் ஒரு .380 பிஸ்டல் (.380 என்பது தோட்டாவின் வகை). நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இந்த அளவில் வருகிற எல்லாவற்றுக்கும் குணம் ஒன்றுதான். எடை முந்நூறு கிராமுக்கும் கீழே. கடைக்காரர் கையில் கொடுத்தபோது மனம் குளிர்ந்துவிட்டது. இதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள், இருப்பதே தெரியாதே என்று நினைத்தேன். மறைக்கும் விஷயத்தில் அது உண்மைதான். பேன்ட் பையில் போட்டால் ஒரு பணப்பை போலத்தான் தெரியும்.

சுடும் மைதானத்துக்குப் போனபோது கதை மாறியது. துப்பாக்கி சிறியதாக இருந்தால் உதைப்பும் சிறியதாக இருக்கும் என்று புதியவர்கள் பலரும் நினைக்கிறார்கள். நேர் எதிர். எடை குறையக் குறைய உதைப்பு முழுவதையும் கைதான் வாங்கிக்கொள்ள வேண்டும். பிடியில் என் சுண்டுவிரலுக்கு இடமே இல்லை, அந்தரத்தில் தொங்கியது. முப்பதாவது தோட்டாவில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே உள்ள சதை சிவந்து எரிந்தது. ஏழு கஜத்தில் என் குறிகள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறின. வலித்ததால் பயிற்சிக்குப் போவதைத் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டதால் கை பழகவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைக்க எடுத்தபோது, குழலின் வாயில் பேன்ட் பையின் சாம்பல் நிறப் பஞ்சு ஒரு சிறு திரி போல் அடைந்திருந்தது. பின்பக்கத்து இடுக்கில் ஒரு மிட்டாய் காகிதத் துணுக்கு. மூன்று வாரமாக நான் நம்பிச் சுமந்தது இதைத்தான். பையில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கென்று செய்த உறைக்குள் வையுங்கள். அந்தப் பையில் சாவியோ சில்லறையோ வேறு எதுவுமோ இருக்கக் கூடாது. வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள்.

அடுத்து, எல்லோரும் சொல்லும் இடத்துக்கே போனேன்: கிளாக் 19. ஆஸ்திரிய ராணுவத்துக்காக உருவான கிளாக் 17இன் தம்பி, 1988இல் வந்தது. 9 எம்எம் தோட்டா, மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டி) 15 தோட்டாக்கள், நான்கு அங்குலத்தை ஒட்டிய குழல். முதல் மேகசின் முடிவதற்குள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. விரல்கள் எல்லாம் பிடியில் உட்கார்ந்தன. தட்டு அளவுக்குச் சிதறிய குறிகள் ஒரு டம்ளரின் வாய்க்குள் அடங்கின. மைதானத்தில் இன்றும் நான் மிகவும் விரும்பி எடுப்பது அதைத்தான். புதிதாகச் சுடக் கற்கிறவருக்கு ஒன்றே ஒன்று வாங்கப் பணம் இருக்கிறது என்றால், யோசிக்காமல் அதைச் சொல்வேன்.

ஆனால் நிரப்பிய நிலையில் அது சுமார் 850 கிராம். காலை பத்து மணி முதல் இரவு பதினொன்று வரை கல்லாவின் பின்னால் நிற்பதும், குனிந்து பெட்டிகளைத் தூக்குவதும், உயரமான ஸ்டூலில் உட்காருவதுமாக இருக்கும் என் இடுப்பு அதை ஏற்கவில்லை. உட்காரும்போதெல்லாம் ஸ்லைடு, அதாவது குழலை மூடி முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதி, இடுப்பு எலும்பில் அழுத்தியது. நான்கு மாதத்தில் ஒரு பழக்கம் வந்துவிட்டது: மதியத்துக்கு மேல் கழற்றி உள்ளறைப் பெட்டியில் பூட்டிவிடுவேன். இரவு பணத்தோடு காருக்கு நடக்கும் நேரத்தில் அது பெரும்பாலும் பெட்டியிலேயே இருக்கும். எதற்காக வாங்கினேனோ அந்த நேரத்தில் அது என்னிடம் இல்லை.

2021இல் கிளாக் 43எக்ஸ் வாங்கினேன். இன்று வரை இடுப்பில் இருப்பது இதுதான். காகிதத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசமே தெரியாது. உயரம் 19க்கும் இதற்கும் ஒன்றுதான், 128 மில்லிமீட்டர். தடிமனில் 34க்குப் பதில் 28. அந்த ஆறு மில்லிமீட்டர்தான் எல்லாம். ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் எலும்பின் மேல் கிடக்கிற பொருளுக்கு ஆறு மில்லிமீட்டர் என்றால் என்ன என்று உடம்பு சொல்லிவிடும். நிரப்பிய எடை சுமார் 660 கிராம். மேகசினில் 10 தோட்டாக்கள். பிடி முழு நீளம் என்பதால் சுண்டுவிரலுக்கு இடம் உண்டு. உதைப்பு 19ஐ விடக் கூர்மையாக இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நூறு தோட்டாக்கள் சுட்டுவிட்டு வலி இல்லாமல் வீடு திரும்ப முடிகிறது. இதுவரை நான்காயிரத்துக்கும் மேல் சுட்டிருக்கிறேன்.

இதற்கும் ஒரு விலை உண்டு. சட்டைக்கு வெளியே துப்பாக்கியைக் காட்டிக்கொடுப்பது குழல் அல்ல, பிடி. குழல் பேன்ட்டுக்குள் போய்விடும். பிடிதான் சட்டையை முட்டும். 43எக்ஸில் பிடி நீளமாக இருப்பதால், மெல்லிய உடல்வாகு உள்ளவர்கள் இதைவிடக் குட்டையான பிடியைத்தான் பார்க்க வேண்டும். 2018இல் வந்த சிக் சாவர் பி365 அந்த இடத்தில் நல்ல தேர்வு. அவ்வளவு சிறிய உடலில் பத்துத் தோட்டாக்களை அடக்கியது அது. நண்பருடையதை இருநூறு முறை சுட்டிருக்கிறேன். என் கைக்கு அது ஒரு விரல் அகலம் குறைவு, அவ்வளவுதான்.

என் மனைவியின் கதை வேறு. மணிக்கட்டில் பழைய வலி. கிளாக்கின் ஸ்லைடை அவளால் முழுவதும் பின்னால் இழுக்க முடியவில்லை. பெண்களுக்குச் சிறிய ரிவால்வர் கொடுங்கள் என்று எல்லாக் கடைகளிலும் சொன்னார்கள். ஐந்து தோட்டா கொள்ளும் குறுங்குழல் ரிவால்வரை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தாள். ஸ்லைடு இல்லை என்பது உண்மை. ஆனால் விசையை (டிரிகர்) இழுப்பது நீளமாகவும் கனமாகவும் இருந்தது, உதைப்போ என்னுடையதைவிட மோசம். பயிற்சி உள்ளவர்களுக்கான கருவி அது. புதியவர்களிடம் அதை நீட்டுவது சரியே இல்லை. கடைசியில் அவளுக்குப் பொருந்தியது ஸ்மித் அண்ட் வெஸனின் .380 ஷீல்டு ஈசட். ஸ்லைடை எளிதாக இழுக்க வேண்டும் என்பதற்காகவே 2018இல் கொண்டுவந்தது. என் பாக்கெட் பிஸ்டலும் .380தான், இதுவும் .380தான், எடையும் பிடியும் மாறியதில் இரண்டும் இரண்டு உலகம். வாடகைக்குத் தரும் மைதானம் பக்கத்தில் இருந்தால் ஐந்தாறு வகையைச் சுட்டுப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். நான் அப்படிச் செய்யாததால்தான் முதல் துப்பாக்கிக்குக் கொடுத்த பணம் வீணானது.

இனி உறை. ஒரு துப்பாக்கி வாங்க மாதக்கணக்கில் யோசிக்கிறோம். உறையைக் கிடைத்த விலைக்கு வாங்குகிறோம். நானும் இருபது டாலருக்கு ஒரு துணி உறை வாங்கினேன். மூன்றாவது மாதம் அதன் வாய் தளர்ந்து உள்பக்கமாக மடிந்துவிட்டது. துப்பாக்கியை உள்ளே செருகும்போது அந்த மடிப்பு விசையின் வளையத்துக்குள் புகுந்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன். கிளாக்கில் கையால் போடும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. விசையின் நடுவில் உள்ள சிறு நாக்கோடு சேர்த்து அழுத்தினால் சுடும். விரலுக்கும் துணி மடிப்புக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. அன்றைக்கே அந்த உறையைக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன்.

இப்போது இருப்பது கைடெக்ஸ் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் உறை, இந்த மாடலின் அச்சுக்கே வார்த்தது. விசையின் வளையத்தை முழுவதும் மூடுகிறது. தலைகீழாகக் குலுக்கினாலும் துப்பாக்கி விழாது. எடுத்த பிறகும் வாய் மடங்காது. செருகும்போது விரலை வெளியே நீட்டி, சட்டையை மறு கையால் ஒதுக்கி, உறையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மெதுவாக வைக்கிறேன். எடுப்பதில் வேகம் தேவைப்படலாம், திரும்ப வைப்பதில் ஒருபோதும் தேவையில்லை. ஹூஸ்டன் வியர்வைக்கு உறையின் திருகாணித் தலைகள் ஆறே மாதத்தில் துருப்பிடித்தன. எவர்சில்வர் திருகாணி மாற்றிக்கொண்டேன்.

பெல்ட்டைப் பற்றி யாரும் முதலில் சொல்வதில்லை. சாதாரணத் தோல் பெல்ட்டில் மாட்டினால் துப்பாக்கி வெளிப்பக்கம் சாய்ந்து தொங்கும், பிடி சட்டையைத் துருத்தும், பேன்ட்டை இழுத்துக்கொண்டே இருப்பீர்கள். உள்ளே கெட்டியான பட்டை வைத்துத் தைத்த பெல்ட் அறுபது டாலர் ஆனது. அதை மாட்டிய முதல் நாள், துப்பாக்கியின் எடை பாதியாகக் குறைந்தது போல் இருந்தது. சட்டையைப் பொறுத்தவரை, வெளியே விட்ட அரைக்கைச் சட்டை, கட்டம் போட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரே நிறத்தில் உள்ள மெல்லிய துணி எல்லாவற்றையும் காட்டிவிடும்.

எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுத வேண்டிய ஒன்று. இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், ஒரு உணவகத்தின் கழிப்பறையில் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் காகிதச் சுருளின் மேல் உள்ள தட்டில் வைத்தேன். கை கழுவிவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் இடுப்பு லேசாக இருந்தது தெரிந்தது. ஓடினேன். வைத்த இடத்திலேயே இருந்தது. இடையில் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, ஆனால் அந்தக் கழிப்பறையின் வாசலில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அவன் முகம் இன்றும் மறக்கவில்லை. அன்று முதல் இப்படி வெளியே போகும் இடங்களில் துப்பாக்கியை உறையிலிருந்து எடுப்பதே இல்லை. கழிப்பறையில் பேன்ட்டோடு சேர்ந்தே இறங்கும், சேர்ந்தே ஏறும்.

தோட்டாவைப் பற்றியும் ஒன்று. தினமும் இரவில் துப்பாக்கியைக் காலி செய்து காலையில் அதே தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அதையும் பெட்டியிலிருந்து எடுத்த புதியதையும் கல்லா மேசையில் நிறுத்திப் பார்த்தேன். பழையது நகக்கண் அளவுக்குக் குட்டையாக இருந்தது. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் ஈயமுனை இடிபட்டு உள்ளே அமுங்கியிருக்கிறது. அப்படி அமுங்கினால் சுடும்போது உள்ளே அழுத்தம் அளவுக்கு மீறி ஏறலாம். இப்போது இரவில் துப்பாக்கியை உறையோடு கழற்றி அப்படியே எண் அழுத்தித் திறக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறேன். ஏற்றுவதும் இறக்குவதும் சுத்தம் செய்யும் நாளில் மட்டும்.

எடுத்துப் போகாத இடங்களும் உண்டு. தபால் நிலையம் கூட்டாட்சிக் கட்டடம், அங்கே கூடாது. மறைத்து வைத்த துப்பாக்கியோடு வரக் கூடாது என்று சட்டப் பிரிவின் எண்ணோடு உரிமையாளர் வைக்கும் 30.06 அறிவிப்பு உள்ள இடம், வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவிலிருந்து வருவதைக் காட்டச் சிவப்பில் 51 சதவீதம் என்று எழுதிய மதுக்கூடம், பள்ளிக்கூடக் கட்டடம், எல்லாவற்றிலும் கூடாது. பேர்லேண்ட் மீனாட்சி கோவிலுக்குப் போகும் நாளில் வேட்டிதான் கட்டுவேன். துப்பாக்கி வீட்டுப் பெட்டியில் இருக்கும். காரில் விட்டுவிட்டுப் போவதை நான் விரும்புவதில்லை. கண்ணாடியை உடைக்க நொடி போதும், அதன் பிறகு என் துப்பாக்கி யார் கையில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

டெக்சஸில் 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பது குற்றம். என் மகளுக்கு இப்போது எட்டு வயது. அவள் ஐந்து வயதில், நான் கடையிலிருந்து வந்ததும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்வாள். ஒரு நாள் அவள் கன்னம் வலப்பக்கத்துப் பிடியில் இடித்துவிட்டது. தேய்த்துக்கொண்டே, இது என்ன அப்பா என்று கேட்டாள். மறைக்காமல் சொன்னேன், தொடக் கூடாது, எங்காவது பார்த்தால் உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். இப்போது கதவு திறந்ததும் ஓடி வருகிறவள், இரண்டடி தள்ளி நின்று, சுற்றிக்கொண்டு என் இடப்பக்கமாக வந்து கட்டிக்கொள்கிறாள். நான் பெட்டியைப் பூட்டிவிட்டு வந்த பிறகு, இன்னொரு முறை வலப்பக்கத்திலும்.