பேடில்போர்டு பையில் வரும் ரிப்பேர் கிட்: சாவிக்கு முழு மார்க், பசைக்கு முட்டை

காற்றடிக்கிற பேடில்போர்டு, அதாவது தண்ணீரில் மேலே நின்று துடுப்பு போட்டுப் போகிற பலகை, வாங்கினால் பம்ப், துடுப்பு, ஃபின் (பலகை நேராகப் போக அடியில் பின்பக்கம் மாட்டும் தகடு) எல்லாவற்றோடும் பைக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா வரும். ரிப்பேர் கிட். இரண்டு வருடமாக நான் அதைத் திறந்ததே இல்லை, போன மாதம் திறக்க வேண்டியதாகிவிட்டது. உள்ளே போர்டு நிறத்திலேயே நாலு பிவிசி துண்டுகள், ஒரு வால்வு சாவி, கல்லாகக் காய்ந்துபோன ஒரு பசை டியூப். கம்பெனி பேர் வேண்டாம், நண்பர்களின் வேறு வேறு போர்டுகளிலும் டப்பா கிட்டத்தட்ட இதேதான். சிலருக்குப் பசையே வருவதில்லை, தீப்பிடிக்கிற சரக்கு என்று அதை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புகிறார்கள்.

முட்டுக்காடு கழிமுகத்தில் ஒரு காலை, கிளம்பி அரை மணி நேரத்தில் போர்டு நடுவில் தொட்டில் மாதிரி குழிய ஆரம்பித்தது. இந்த போர்டுகளின் உள்ளே மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கும், அதனால்தான் பலூன் மாதிரி உப்பாமல் பலகை மாதிரி நிற்கிறது. ஆனால் அதற்கு 12 முதல் 15 பிஎஸ்ஐ (டயருக்குக் காற்றழுத்தம் சொல்கிற அதே அளவு) வரை காற்று வேண்டும். 8க்கு இறங்கினால் பலகை போய் பாய் ஆகிவிடும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். போர்டு லேசாகத் தளர்ந்தாலே ஓட்டை என்று பதற வேண்டாம். நாற்பது டிகிரி மொட்டை மாடியில் 15 பிஎஸ்ஐ அடித்துவிட்டு 28 டிகிரி தண்ணீரில் போட்டால், உள்ளே காற்று குளிர்ந்தே ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ குறைந்துவிடும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள், நிழலில் முழுசாக அடித்த போர்டை வெயிலில் காயப்போட்டால் அழுத்தம் ஏறும். ஓட்டை இல்லாத போர்டுக்கும் தையல் விடுவது அப்படித்தான். என்னுடையது அந்த ரகம் இல்லை, ராத்திரி அடித்து வைத்தால் காலையில் மடித்து வைக்கலாம் போல இருந்தது.

சரி, ஓட்டையைத் தேடுவோம். பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, செடிக்கு அடிக்கிற ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, முதலில் வால்வில் அடித்தேன். எல்லோரும் துணியில்தான் தேடத் தொடங்குகிறார்கள், வால்வில் தொடங்குங்கள். நுரை வால்வின் நடுவிலிருந்து வந்தால் உள்ளே மணல் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், நடு ஊசியை நாலைந்து தடவை அழுத்தி விட்டால் காற்றே அதைத் துப்பிவிடும். விளிம்பைச் சுற்றி வந்தால் வால்வு தளர்ந்திருக்கிறது. எனக்கு விளிம்பில் வந்தது. காற்றை முழுக்க இறக்கிவிட்டு, வால்வின் பின்பக்க நட்டைத் துணியோடு சேர்த்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சாவியால் கால் சுற்று இறுக்கினேன். நின்றது. அசிங்கமாக வார்த்த அந்தச் சாவிதான் டப்பாவிலேயே காசுக்கு மதிப்புள்ள பொருள். காற்று நிறைந்திருக்கும்போது மட்டும் யாரும் அதைக் கழற்றிப் பார்க்காதீர்கள், வால்வு மூஞ்சிக்கு நேரே பறக்கும்.

வால்வு நின்ற பிறகும் மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது. மறுபடி நுரை அடித்ததில் அடிப்பக்கத்தில், ஃபின் பக்கமாக, மிளகு அளவுக்குக்கூட இல்லாத ஒரு இடத்தில் குமிழி. கழிமுகத்துப் பாறையில் ஒட்டிக்கிடக்கும் சிப்பி ஓடு கிழித்த வேலை. பால்பாயின்ட் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டேன்.

கிட்டின் பசைதான் கல்லாயிற்றே. தெருமுனை பஞ்சர் கடைக்குப் போனேன். அண்ணன் தடவிப் பார்த்துவிட்டு, "இது ரப்பர் இல்ல தம்பி, நம்ம சொல்யூஷன் இதுல நிக்காது" என்றார். நான் கேட்கவில்லை, ஒரு டியூப் வாங்கி வந்து ஒட்டினேன். பத்து பிஎஸ்ஐ தாண்டும்போது ஒட்டு அப்பளம் மாதிரி எழும்பி வந்தது. ஃபெவிக்விக்கும் வேண்டாம், காய்ந்ததும் விறைத்துப் போய், போர்டைச் சுருட்டும்போது விரிசல் விடும். பிளம்பர் பைப்புக்குப் போடுகிற பிவிசி சொல்யூஷன் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது கெட்டிக் குழாய்க்கு. வேண்டியது மடங்கும் பிவிசி துணிக்கான பாலியூரித்தேன் பசை. ரெக்சின், தார்ப்பாலின் ஒட்டுகிறவர்களிடம் கேட்டால் கிடைக்கும், எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

அப்புறம் செய்த வேலை நிதானமான வேலை. பழைய பசையைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஒட்டும் இடத்தையும் துண்டையும் அசிட்டோனால் துடைத்தேன். துண்டை ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்று சென்டிமீட்டராவது அதிகம் வருகிற மாதிரி, மூலை இல்லாமல் வட்டமாக வெட்ட வேண்டும், மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியும். இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பசை, பத்து நிமிஷம் காய விட்டு இன்னொரு பூச்சு, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் நடுவிலிருந்து வெளியே அழுத்தி ஒட்டி, சப்பாத்திக் கட்டையால் உருட்டினேன் (வீட்டில் இன்னும் இதற்குப் பேச்சு வாங்குகிறேன்). மேலே அம்மிக் குழவி, இருபத்து நாலு மணி நேரம். ஈரக்காற்று இந்தப் பசைக்கு ஆகாது, சென்னையில் அதுதான் பெரிய தொந்தரவு. ஏசி அறையில் ஒட்டலாம் என்றால் நெடி தலையைச் சுற்ற வைக்கும். கடல்காற்று உள்ளே வருவதற்கு முன், வெயில் ஏறிய வறண்ட முற்பகலில், ஜன்னல்களைத் திறந்து வைத்து முடித்தேன். பசை டின்னை வைத்திருக்கும் அறையில் விளக்கு, ஊதுபத்தி எதுவும் வேண்டாம்.

ஒரு நாள் கழித்து நேராக 15 அடிக்காமல் முதலில் எட்டு வரை அடித்து நுரை பார்த்தேன், அப்புறம்தான் மேலே போனேன். கைப்பம்பில் அழுத்தம் காட்டும் முள் ஆரம்பத்தில் அசையவே அசையாது, பம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டை இரண்டு பக்கத் துணி சேரும் விளிம்புத் தையலில் இருந்தால் நான் கை வைக்க மாட்டேன், அது தெரிந்தவர்களிடம் கொடுக்க வேண்டிய வேலை.

மொத்தத்தில் கிட்டுக்கு ஐந்துக்கு இரண்டரை. துண்டுகள் நல்ல தரம், சாவிக்கு முழு மார்க், பசைக்கு முட்டை. போர்டு வாங்கின அன்றே டியூபை அழுத்திப் பாருங்கள், காய்ந்திருந்தால் அப்போதே ஒரு நல்ல பசை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் ஆயுள் உண்டு என்பதால் சின்ன டின்னாக. நான் அதன் பிறகு நாலு முறை கோவளத்தில் இறங்கிவிட்டேன், ஒட்டு அசையவில்லை. சாவியை மட்டும் டப்பாவிலிருந்து எடுத்து பம்ப் குழாயில் கயிறு போட்டுக் கட்டிவிட்டேன்.