பாங்காக்ல கால்வாய் போட் ஏறப் போறவங்க இதப் படிச்சிட்டுப் போங்க

போன மாசம் நாங்க நாலு பேரு பாங்காக் போயிருந்தோம். நான், வீட்டுக்காரர், எங்க அத்தை, பத்து வயசுப் பையன். அத்தைக்கு அந்த வாட் அருண் கோயில டிவில பாத்ததுலேர்ந்து ஒரே ஆசை, கிட்டப் போய்ப் பாக்கணும்னு. எனக்கு அந்தப் பக்கத்துக் கால்வாயெல்லாம் போட்ல சுத்திப் பாக்கணும். ரெண்டையும் சேத்து ஒரே நாள்ல ஒரு ஏமாத்துக் கும்பல்கிட்ட பறி குடுத்துட்டு வந்தோம், இன்னும் மனசு ஆறல, அதான் எழுதறேன்.

ரெண்டாவது நாள் காலைல ஒம்பதரை மணி, கிராண்ட் பேலஸ் மதில் ஓரமா நடந்து போறோம். கழுத்துல ஐடி கார்டு, அயர்ன் பண்ண வெள்ளைச் சட்டை, ஒருத்தர் வந்து எங்க போறீங்கன்னு ரொம்ப மரியாதையா கேட்டார். அரண்மனைன்னதும் இன்னைக்கு பூஜை இருக்கு, மத்தியானம் ஒரு மணிக்கு மேலதான் வெளிநாட்டுக்காரங்கள விடுவாங்க, அதுவரைக்கும் போட்ல போய்ட்டு வாங்கன்னு சொல்லி, எங்க மேப்லயே பேனாவால வட்டம் போட்டு, டுக் டுக்கையும் (அங்கத்த ஆட்டோ) அவரே கூப்ட்டு 20 பாட்தான்னு (பாட்ங்கறது அந்த ஊர்க் காசு) ஏத்தி விட்டார். 20 பாட்டுக்கு எந்த டுக் டுக்கும் அங்க வராது, மிச்சத்த போட்காரர் குடுப்பார், அதுக்கும் சேத்து நம்ம தலையிலதான் கட்டுவாங்க. அப்ப இது எனக்குத் தோணவே இல்ல.

எறக்கி விட்டது பொதுப் படகுத்துறை இல்லங்க, ஒரு சந்துக்குள்ள இருக்கற தனியார் துறை. லேமினேட் பண்ண அட்டையில 2,000னு போட்டிருந்துச்சு, பேசிப் பேசி 1,200க்கு கொண்டு வந்தோம். ஒன்றரை மணி நேரம், வாட் அருண்ல எறக்கி அரை மணி நேரம் நிப்பாங்க, அப்புறம் ராஜாவோட படகெல்லாம் வச்சிருக்கற ராயல் பார்ஜ் மியூசியம், மிதக்கும் சந்தைன்னு பேச்சு. போட்டுக்குத்தான் 1,200ன்னு நாங்க நெனச்சோம். அத்தைய கையப் புடிச்சு ஏத்தி உக்கார வச்சு, கயித்த அவுத்ததுக்கு அப்புறம் துறையில காசு வாங்கற பொண்ணு கால்குலேட்டர நீட்டுது, தலைக்கு 1,200, பையனுக்கும் சேத்து 4,800 பாட். நம்ம காசுக்கு 12,000க்கு மேல. எறங்கிடலாம்னு நான் சொன்னேன், அத்தை ஆசையா உக்காந்திருக்காங்களேன்னு வீட்டுக்காரர் எடுத்துக் குடுத்துட்டார்.

அந்தக் கால்வாய் மேல எனக்கு ஏன் அவ்ளோ ஆசைன்னா, பாங்காக் யாய், பாங்காக் நோய்னு சொல்ற அந்த ரெண்டும்தான் பழைய சாவ் பிரயா ஆறே. ஆறு அங்க பெருசா வளைஞ்சு ஓடிட்டிருந்துச்சு, கப்பல் சுத்திப் போகுதேன்னு அயுத்தயா ராஜாங்க காலத்துல, 16ஆம் நூற்றாண்டுல, குறுக்க ஒரு வாய்க்கால் வெட்டினாங்க, போகப் போக அந்த வாய்க்காலே அகலமாகி ஆறாய்ட்டுது, நெஜ ஆறு கால்வாயா சுருங்கிப் போச்சு. அரண்மனையும் வாட் அருணும் எதிரெதிரா நிக்கறது அந்த வெட்டோட ரெண்டு கரையிலதான். அயுத்தயாவுக்கு அப்புறம் 1782 வரைக்கும் கொஞ்ச வருஷம் தலைநகரம் வாட் அருண் இருக்கற தொன்புரி கரையிலதான் இருந்துச்சு. பையனுக்கு இதெல்லாம் காமிக்கணும்னு ஊர்லேர்ந்தே படிச்சிட்டுப் போயிருந்தேன்.

ஆனா நடந்தது என்னன்னா, பாங்காக் யாய் வாசல்ல தண்ணி மட்டத்துக்காக ஒரு மதகு இருக்கு, அது தொறக்க 20 நிமிஷம் வெயில்ல நின்னோம், அதுவும் அவங்க கணக்குல ஓட்டம்தான். உள்ள ஒரு கோயில் முன்னாடி நிறுத்தி ரொட்டி வாங்க வச்சாங்க, மீன் கும்பலா கருப்பு முதுகோட துள்ளி வந்து வாயத் தொறந்துச்சு, பையன் சிரிச்சது அந்த ஒரு எடத்துலதான். மிதக்கும் சந்தைன்னு காமிச்சது சின்னப் படகுல ஒரே ஒரு அம்மா. விசிறி, சாவிக்கொத்து, ஓட்டறவருக்கு ஒரு பீர் வாங்கிக் குடுங்கன்னு நச்சரிப்பு. அங்க இருக்கற தலிங் சான் சந்தை சனி ஞாயிறு மட்டும்தான், நாங்க போனது செவ்வாக்கெழம, தெரிஞ்சேதான் சொல்லியிருக்காங்க. பீர் வேண்டாம்னதும் அவர் மொகம் மாறிடுச்சு, பாங்காக் நோய் பக்கமே போகாம அப்படியே திருப்பிட்டார்.

வாட் அருண் நேரா வந்ததும் ஆத்து நடுவுல கொஞ்சம் ஸ்லோ பண்ணி, போட்டோ போட்டோன்னார். அத்தை புடவைய இடுக்கிக்கிட்டு பாதி எழுந்துட்டாங்க, இங்க எறங்கணும்ல, ஏம்மா நிக்க மாட்டேங்குதுன்னு என்னைக் கேட்டாங்க. இஞ்சின் சத்தத்துல நான் கத்தினது அவருக்குக் கேட்டுச்சோ என்னவோ, திரும்பவே இல்ல. மொத்தம் 55 நிமிஷம். வேற ஏதோ துறையில எறக்கி, துறைக் காசுன்னு தலைக்கு 20 பாட் வேற.

அரண்மனைக்கு நடந்து வந்தா வாசல் தொறந்து கெடக்கு, காலைல 8.30லேர்ந்தே உள்ள விட்டுட்டுதான் இருக்காங்க. வெளிய யாரு மூடியிருக்குன்னு சொன்னாலும் நேரா வாசலுக்குப் போய்ப் பாத்துடுங்க. டூரிஸ்ட் போலீஸ் 1155க்கு போன் பண்ணோம், பொறுமையா பேசி போட் நம்பர் கேட்டாங்க, துறை பேர் கேட்டாங்க, ரசீது இருக்கான்னாங்க, எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. அதனால போட்டுக்கு எவ்ளோ, தலைக்கா மொத்தமான்னு பேப்பர்ல எழுதி வாங்குங்க, எங்கெங்க நிக்கும்னும் எழுத வைங்க, ஏறறதுக்கு முன்னாடி போட் நம்பர போட்டோ எடுத்துக்கங்க, முழுக் காசையும் முன்னாடியே குடுக்காதீங்க. அடுத்த நாள் பொதுத்துறையில விசாரிச்சா ஒரு மணி நேரத்துக்கு முழு போட்டுக்கே 1,000 பாட்தான் சொன்னாங்க.

அந்த அடுத்த நாளே சபான் தாக்சின் ரயில் ஸ்டேஷன்ல எறங்கி, கீழ சாதோன் துறையில ஆரஞ்சுக் கொடி போட் ஏறினோம், தலைக்கு 16 பாட். நீலக் கொடி டூரிஸ்ட் போட், வெல ஜாஸ்தி, கொடியப் பாத்து ஏறுங்க. தா தியன் துறையில எறங்கி எதிர்க்கரைக்கு இன்னொரு போட், 5 பாட். அத்தை வாட் அருண் சுவத்துல பதிச்சிருக்கற பீங்கான் பூ ஒவ்வொண்ணா தடவிப் பாத்துட்டு, ஒரு மணி நேரம் அந்த நெழல்லயே உக்காந்திருந்தாங்க. பார்ஜ் மியூசியம் மட்டும் பாக்க முடியல, ராத்திரி ஃப்ளைட்.