ஆறு மணி நேரக் குதிரைச் சவாரி என்றார்கள், சேணத்தில் இருந்தது இரண்டேகால் மணி நேரம்கூட இல்லை

மலைப்பாதையில் ஒரு நாள் முழுக்கக் குதிரைச் சவாரி போக நினைப்பவர்கள் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் குழுவில் 11 பேர். சவாரி நடத்துபவர்கள் ஆறு மணி நேரச் சவாரி என்று சொல்லி முழுத் தொகையையும் முன்பே வாங்கிக்கொண்டார்கள். அந்த 360 நிமிடம் போன வழி: வண்டியில் போக வர 90, குதிரைகளைப் பிரித்துக் கொடுத்துச் சேணம் பூட்ட 50, சாப்பாட்டுக்கு 70, படம் எடுக்க நின்றது 20. மிச்சம் 130 நிமிடம்தான் சவாரி. மலையில் குதிரை நடை மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர். பத்து கிலோமீட்டர் போயிருந்தாலே அதிகம்.

அதைவிடப் பெரிய குற்றம் வேறு. யாருடைய எடையையும் அவர்கள் கேட்கவில்லை. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சுமக்கலாம் என்பது பொதுவான கணக்கு. சேணமும் பையும் அதற்குள் அடக்கம். 350 கிலோ மட்டக்குதிரை என்றால் மொத்தம் 70 கிலோ. சேணமும் கம்பளமும் 12 கிலோ போனால் ஆளுக்கு மிஞ்சுவது 58 கிலோ. செங்குத்தான ஏற்றம், வயதான குதிரை என்றால் இன்னும் குறைக்க வேண்டும். அப்படிப்பட்ட குதிரையில் 85 கிலோ ஆளை ஏற்றி அனுப்பினார்கள். பதிவு செய்யும்போதே எடை கேட்காத இடத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு கட்டும் வயிற்றுவாரை ஒரே ஒரு முறை இறுக்கினார்கள். இது போதவே போதாது. வார் பூட்டும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். ஆள் ஏறியதும் கம்பளமும் அமுங்கும். அதனால் ஏறுமுன் ஒரு முறை, ஏறியபின் ஒரு முறை, 10-15 நிமிடம் நடந்தபின் இன்னொரு முறை பார்க்க வேண்டும். வாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் சிரமப்பட்டு நுழைந்தால் சரி. இறக்கத்தில் சேணம் கழுத்துப் பக்கம் வழியாமல் இருக்க வாலடியில் சுற்றி வரும் வாரும், ஏற்றத்தில் பின்னால் நழுவாமல் இருக்க மார்புவாரும் வேண்டும். பதினொன்றில் ஒன்றுக்குக்கூட இரண்டும் இல்லை. முதல் செங்குத்து இறக்கத்திலேயே ஒருவர் சேணத்தோடு முன்னால் சரிந்தார். பாதை அகலமாக இருந்ததால் தப்பினார்.

சேணம் போடுமுன் குதிரையின் உடம்பைப் பாருங்கள், இதை யாரும் தடுக்கக் கூடாது. முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால், வார் படும் இடத்தில், முடி கொட்டித் தோல் உரிந்திருந்தால் அது வார்ப்புண். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் வெள்ளை முடித் திட்டுகள் இருந்தால், பெரும்பாலும் பொருந்தாத சேணம் அழுத்தி ஆறிய பழைய புண். வார் இறுக்கும்போது காதைப் பின்னுக்கு மடித்துக் கடிக்கத் திரும்பிய குதிரையை “இது கொஞ்சம் கோபக்காரன்” என்று தட்டிவிட்டார்கள். கோபம் இல்லை, பெரும்பாலும் வலி. பாவம், அது வேறு எப்படிச் சொல்லும்?

பாறைப் பகுதியில் ஒரு குதிரையின் கால் ‘சளக் சளக்’ என்றது. ஆடும் லாடத்தின் சத்தம் அது. குளம்பின் பக்கச் சுவரில் ஆணி முனைகள் துருத்திக்கொண்டு நின்றால் புறப்படுமுன்பே கண்டுபிடிக்கலாம். வழிகாட்டியிடம் குளம்பில் சிக்கும் கல்லை எடுக்கும் கொக்கிகூட இல்லை.

தலைக்கவசம் என்று கொடுத்தது சைக்கிள் ஓட்டுபவர்களுடையது. குதிரையேற்றக் கவசம் தலையின் பின்புறமும் இறங்கி மூடும். ஒரு முறை பலமாக அடி வாங்கியதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. உங்கள் காலணி மூடியதாக, இரண்டு சென்டிமீட்டர் குதிகால் உள்ளதாக இருக்கட்டும். அங்கவடியில் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) காலணியின் இரு பக்கமும் ஒரு விரல் இடைவெளி வேண்டும். இறுகினாலும் ஆபத்து, கால் முழுதாக உள்ளே போனாலும் ஆபத்து: விழும்போது கால் மாட்டினால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும்.

பதினொரு பேருக்கு ஒரே வழிகாட்டி, அதுவும் முன்னால். கடைசியில் இன்னொருவர் கட்டாயம் வேண்டும். ஓடையில் முன்குதிரைகள் குடித்ததும் வழிகாட்டி கிளம்பிவிட்டார். பின்னால் நின்ற இரண்டும் தண்ணீரில் வாய் வைக்காமல் கூட்டத்தைப் பிடிக்க ஓடின. புதிதாக ஏறியவர்கள் அங்கேதான் கீழே விழுவார்கள். ஏறி உட்காரவே காலை 11 மணி தாண்டிவிட்டது. பல மலைகளில் இடிமழை பிற்பகலில்தான் கூடும். மரமில்லாத முகட்டை நண்பகலுக்குள் கடந்து இறங்கிவிட வேண்டும். இவ்வளவு தாமதமான புறப்பாட்டில் அது நடக்காது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதைக் காட்டினார்கள். அதில் இருந்தது ‘முழுநாள் தொகுப்பு’ என்ற இரண்டு சொல் மட்டும். ஆகவே முன்பணம் கொடுக்குமுன் எழுத்தில் வாங்குங்கள்: சேணத்தில் இருக்கும் நேரம் எத்தனை மணி, பாதை எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேருக்கு எத்தனை வழிகாட்டி, எடை வரம்பு எவ்வளவு, மழை வந்தால் பணம் என்ன ஆகும், அதே குதிரை அன்று இன்னொரு சவாரிக்கும் போகிறதா. முழுத் தொகையும் முன்பே வேண்டும் என்று அடம்பிடித்தால் வேறு இடம் பாருங்கள். புண்ணையோ ஆடும் லாடத்தையோ கண்டால் ஏறுமுன் படம் எடுத்து, வேறு குதிரை கேளுங்கள். ஏறிவிட்டால் “நீங்கள் ஒப்புக்கொண்டுதானே ஏறினீர்கள்” என்பார்கள். எங்களுக்கும் அதே பதில்தான் கிடைத்தது.