38 இன்ச் டயரும் 3 பி.எஸ்.ஐ காத்தும்: கிளேசியர் மேல எட்டு குளிர்காலம்

ஐஸ்லாந்துல என் பழைய நிசான் பேட்ரோல் ஜீப்பை எட்டு குளிர்காலமா கிளேசியர், அதாவது பனியாறு மேல ஓட்டிட்டு இருக்கேன். பெரும்பாலும் லாங்யோகுல், வருஷத்துக்கு ஒரு தடவையாவது வாட்னாயோகுல். வண்டியில என்னென்ன மாட்டினேன், அதுல எது உயிரைக் காப்பாத்துச்சு, எது சும்மா எடையா கிடந்துச்சுன்னு எழுதணும்னு ரொம்ப நாளா நெனப்பு.

முதல்ல டயர். 38 இன்ச் போடறதுக்காக மட்கார்டை வெட்டி, பாடியைத் தூக்கி, டிஃபரென்ஷியல் கியரையும் மாத்தினோம், இல்லன்னா அந்த டயரைச் சுத்தவே இன்ஜின் திணறும். ஆனா டயர் சைஸ் பாதி விஷயம்தான், மீதி பாதி காத்துல இருக்கு. ரோட்டுல 25 பி.எஸ்.ஐ வெச்சிருப்பேன், பனி ஆரம்பிச்சதும் 8, இளகின பனின்னா 3, ரொம்ப மோசம்னா 2. 3ல இறங்கிப் பாத்தா டயர் நீளமா தரையில படுத்திருக்கும், சைடெல்லாம் மடிப்பு மடிப்பா இருக்கும், தெரியாதவங்க பஞ்சர்னுதான் சொல்லுவாங்க. நான் நடந்தா முட்டி வரைக்கும் புதையற பனியில ரெண்டரை டன்னுக்கு மேல எடை இருக்கற வண்டி மேலாப்புலயே போகும், எடை அவ்வளவு பரவலா இறங்குது.

காத்தை இறக்கினா திரும்ப ஏத்தணுமே, அங்கதான் நான் பாடம் கத்துக்கிட்டேன். முதல்ல வெச்சிருந்தது விலை கம்மியான ஒரு எலக்ட்ரிக் கம்ப்ரஸர். ரெண்டாவது குளிர்காலத்துல லாங்யோகுல்ல இருந்து இறங்கி ஹூசாஃபெல் பக்கம் வந்து முதல் டயரை ஏத்தும்போதே சூடாகி நின்னு போச்சு, நாலு டயர்லயும் 4 பி.எஸ்.ஐ, மைனஸ் 12 டிகிரி, அவ்வளவு கம்மி காத்தோட ரோட்டுல வேகமா ஓட்டினா டயர் சூடேறி கிழிஞ்சிடும். கூட வந்த வண்டி இருந்ததால தப்பிச்சேன். இப்ப இன்ஜின் பெல்ட்ல ஓடற ஏசி கம்ப்ரஸரையே காத்தடிக்க மாத்தி வெச்சிருக்கேன், இங்க நிறைய பேர் பண்றதுதான், கூடவே சின்ன எலக்ட்ரிக் ஒண்ணு ஸ்பேரா. கிளேசியர் வண்டிக்கு முதல் காசை எதுல போடணும்னு யாராவது கேட்டா யோசிக்காம கம்ப்ரஸர்னுதான் சொல்லுவேன்.

நாலு வருஷம் முன்னாடி ஓடிட்டு இருக்கும்போதே காத்தை ஏத்தி இறக்கற சிஸ்டமும் போட்டேன், மட்கார்டு மேல இருந்து ஒவ்வொரு வீலோட நடுவுக்கும் ஒரு ஹோஸ் போகும். ஆடம்பரம்னுதான் நெனச்சேன், இல்ல. முன்னாடி புயல்ல இறங்கி வால்வு வால்வா குனியணும்னு சோம்பல்பட்டு தப்பான பிரஷர்லயே ஓட்டி மாட்டிப்பேன், இப்ப சீட்ல உக்காந்தே மாத்திடறேன். ஒரே தொந்தரவு ஹோஸ்ல ஈரம் உறைஞ்சு அடைச்சுக்கும், அதனால காத்து டேங்க்ல சேர்ற தண்ணிய அடிக்கடி வடிக்கணும்.

காத்து ரொம்ப கம்மியா இருந்தா டயர் ரிம்மை விட்டு கழண்டுடும். பக்கவாட்டு சரிவுல ஸ்டியரிங்கை அவசரமா ஒடிச்சேன், முன் இடது டயர் கழண்டுச்சு. ஜாக்குக்கு அடியில பலகை வெச்சுத் தூக்கி, ரிம் ஓரத்துல ஒட்டியிருந்த பனியை பிரஷ்ஷால துடைச்சு எடுக்கவே அரை மணி நேரம், கொஞ்சம் பனி மிச்சமிருந்தாலும் காத்து நிக்காது. அப்புறம் டயரைச் சுத்தி ராட்செட் பெல்ட் கட்டி இறுக்கி காத்தடிச்சோம், டப்புன்னு சத்தம் வந்து ரிம்ல உக்காந்தப்பதான் மூச்சே வந்துச்சு.

வின்ச் (கேபிளை எதுலயாவது கட்டி வண்டியை இழுக்கற மோட்டார்) வாங்கினது வீண். கிளேசியர் மேல கட்டறதுக்கு மரமா பாறையா என்ன இருக்கு? ரெண்டு வருஷத்துல கழட்டிட்டேன். வேண்டியது இழுத்தா ரப்பர் மாதிரி நீளற நைலான் கயிறு, ரெண்டு ஷவல், அப்புறம் ரெண்டாவது வண்டி. தனியா போகவே கூடாது. ரூஃப்ல மாட்டின பெரிய லைட்டும் பனி கொட்டும்போது கண்ணைக் கூசுதே தவிர ஒண்ணும் காட்டாது, கீழ இருக்கற மஞ்சள் லைட்தான் உதவுது.

ஜிபிஎஸ் இல்லாம நகரக்கூடாது. வானமும் பனியும் ஒரே வெள்ளையா ஆகிட்டா வண்டி நகருதா நிக்குதான்னு கதவைத் திறந்து கீழ பாத்தாதான் தெரியும், அப்போ ஒருத்தர் ஸ்க்ரீனைப் பாத்து சொல்லச் சொல்ல இன்னொருத்தர் ஓட்டணும். ஆனா போன வருஷம் சேவ் பண்ண ட்ராக்கை அப்படியே நம்பாதீங்க. ஐஸ் நகர்ந்துட்டே இருக்கு, உருகி இறங்குது, அன்னைக்கு பத்திரமா இருந்த கோட்டுல இன்னைக்கு பிளவு இருக்கலாம். புதுசா பிளவு மேப் பாத்து, சமீபத்துல போனவங்ககிட்ட கேட்டுதான் கிளம்பறேன்.

பிளவுக்கான சாமான் எல்லாம் டிக்கியில இருந்தா பிரயோஜனம் இல்ல. உடம்புல கட்டற ஹார்னஸ், கயிறு, ஐஸ்ல முறுக்கி கயிறு மாட்டற ஐஸ் ஸ்க்ரூ, பனியைக் குத்திப் பாக்கற 3 மீட்டர் ப்ரோப் கம்பி எல்லாம் கை எட்டற தூரத்துல. சந்தேகமான இடத்துல நின்னா ப்ரோப்பால கதவுக்குக் கீழ குத்திப் பாக்காம கால் வைக்க மாட்டேன், ஏன்னா டயரைத் தாங்கின பனிப்பாலம், அதாவது பிளவை மேல மூடியிருக்கற பனி, என் பூட்ஸைத் தாங்கும்னு எந்த கேரண்டியும் இல்ல. ரெண்டு வண்டிக்கும் நடுவுல நல்ல இடைவெளி, விஎச்எஃப் ரேடியோ ஆன்லயே இருக்கும்.

டீசலும் கணக்கு போட்டு எடுத்துட்டுப் போங்க, ரோட்டுல 100 கிலோமீட்டருக்கு 13 லிட்டர் குடிக்கற என் வண்டி இளகின பனியில 40 தாண்டிடும். இன்னொண்ணு, இங்க ரோட்டை விட்டு வண்டி ஓட்டறது சட்டப்படி குத்தம், கிளேசியருக்கும் பனி மூடி உறைஞ்ச தரைக்கும்தான் விலக்கு. பாசி மேல டயர் தடம் விழுந்தா பல வருஷம் ஆறாது, அதைப் பாக்கும்போது நெஜமாவே மனசு வலிக்கும்.

இலையுதிர் காலத்துல நான் ஏறறதே இல்ல, புதுப்பனி மெல்லிசா பிளவை மூடி வெச்சிருக்கும். மார்ச்ல கிரிம்ஸ்ஃப்யால் குடிசைக்குப் போறோம், வாட்னாயோகுல் நடுவுல 1,700 மீட்டர் உயரத்துல எரிமலைச் சூட்டுல கதகதன்னு இருக்கற இடம். இப்போதைக்கு ரெண்டு வண்டி, மூணாவது ஒண்ணு சேந்தா இன்னும் நிம்மதி.