ஹெச்ஐவி மருந்து ஆய்வு: கூடுதல் மருந்தா, ஊசிக்கு மாறுவதா?

ஏஆர்டி (ஹெச்ஐவியை அடக்கும் மருந்து சிகிச்சை) மையத்தில் மாத்திரை வாங்கும் நமக்கு வரும் ஆய்வு அழைப்புகளைப் பெரும்பாலும் இரண்டாகப் பிரித்துவிடலாம். ஒன்றில், தினமும் சாப்பிடும் டிஎல்டியை (டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த மாத்திரை) தொடர்ந்தபடி கூடுதலாக ஒரு மருந்து எடுப்போம். மற்றதில் டிஎல்டியை நிறுத்திவிட்டு வேறு சிகிச்சைக்கு, இப்போதெல்லாம் நீண்ட நாள் வேலை செய்யும் ஊசிக்கு, மாறுவோம். நான் சேர்ந்தது முதல் வகையில். இன்னொரு முறை கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி, ஒப்புதல் படிவம், எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை, ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை எல்லாம் இரண்டுக்கும் பொது. இதையெல்லாம் கவுன்சிலரே சொல்லிவிடுவார்.

ஊசியின் ஈர்ப்பு எனக்குப் புரியாமல் இல்லை. மாத்திரை டப்பா குலுங்கிச் சத்தம் வரக்கூடாதென்று உள்ளே பஞ்சு வைத்து அடைக்கிறவர்களைத் தெரியும். அவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இடுப்பில் இரண்டு ஊசி போட்டால் போதும் என்பது பெரிய விடுதலை. கேபோடெக்ராவிர், ரில்பிவிரின் என்ற அந்த ஜோடிக்கு 2021 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பெரிய ஆய்வுகளில் அது தினசரி மாத்திரைக்கு இணையாக வைரஸை அடக்கியது.

ஆனால் ஆய்வு முடிந்த மறுநாள் என்ன மருந்து? என் முடிவு இந்த ஒரு கேள்வியில்தான் நின்றது.

2019-ஆம் ஆண்டின் இந்திய மருந்து ஆய்வு விதிகளில், ஆய்வு முடிந்த பிறகும் மருந்தை இலவசமாகத் தருவதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. மருத்துவர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழு ஏற்க வேண்டும். அதோடு அந்த நோய்க்கு மாற்று சிகிச்சை இல்லாதிருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. நமக்குத்தான் டிஎல்டி இருக்கிறதே! ஆக, நன்றாக ஒத்துப்போன ஊசியை ஆய்வு முடிந்ததும் சட்டத்தைக் காட்டிக் கேட்பது கடினம். ஒப்புதல் படிவத்தில் எழுதியிருந்தால் மட்டுமே உறுதி.

சரி, பழைய மாத்திரைக்கே திரும்பலாமே என்றால், திரும்பலாம், ஆனால் ஒருநாளும் தாமதிக்கக்கூடாது. கடைசி ஊசிக்குப் பிறகு கேபோடெக்ராவிர் ஒரு வருடமோ அதற்கு மேலோ கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் தங்கும். வைரஸை அடக்கப் போதாத அந்த அளவில், வேறு மருந்தும் இல்லாமல் இருந்தால், மருந்தை எதிர்த்து நிற்கும் திறன் வைரஸுக்கு உருவாக வழி பிறக்கும். கேபோடெக்ராவிரும் டிஎல்டியில் உள்ள டோலுடெக்ராவிரும் ஒரே குடும்பம். முதலாவதுக்கு எதிர்ப்பு வந்தால் இரண்டாவதும் பலவீனமாகலாம். நம்மைத் தாங்கும் மாத்திரையே கைவிட்டுப் போகும் ஆபத்து அது. ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இந்த ஊசி சரிவராது; டிஎல்டியில் உள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும்தான் அந்த வைரஸையும் கட்டுப்படுத்துகின்றன.

கூடுதல் மருந்து ஆய்வில் இந்தக் கவலை இல்லை. ரெப்ரீவ் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெச்ஐவி உள்ள 7,769 பேர், ஏஆர்டியைத் தொடர்ந்தபடியே, பாதிப் பேர் பிடாவாஸ்டாடின் என்ற, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையும் மீதிப் பேர் போலி மாத்திரையும் சாப்பிட்டார்கள். இந்தியாவிலும் நடந்தது. 2023-இல் முடிவு வந்தபோது, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஸ்டாடின் எடுத்தவர்களுக்கு 35 சதவீதம் குறைவு. போலி மாத்திரை கிடைத்தவரும் ஆய்வுக்காக ஏஆர்டியை நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

நான் சேர்ந்த ஆய்விலும் அப்படித்தான். ஏஆர்டி மையத்தில் என் பதிவு அப்படியே இருந்தது. ஆய்வுக்குப் போகும் நாளில் மிச்ச மாத்திரையோடு டப்பாவைக் கொண்டுபோக வேண்டும். நர்ஸ் அக்கா தட்டில் கொட்டி, ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவார். கணக்கு இடித்தால் "எந்த நாள் விட்டீங்க?" என்று நிதானமாகக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே டிஎல்டியையும் நேரம் தவறாமல் போடும் பழக்கம் வந்தது. ஆய்வு முடிந்த மறுநாள் காலையில் நான் மாற்ற வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

இதிலும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: புது மருந்து டோலுடெக்ராவிரோடு ஒத்துப்போகுமா? சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுத்தால் அதன் அளவுக்கு வரம்பு வரும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் டோலுடெக்ராவிரை இரண்டு வேளையாக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் நேரம் பார்க்க வேண்டும். வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

ஊசி ஆய்வில் நான் இருந்ததில்லை. அதன் தினசரி அனுபவத்தை இருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். பல மருந்துகளுக்கு எதிர்ப்பு வந்து வழி குறைந்தவர்களுக்கு என் கணக்கு தலைகீழாகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபாவிர் அப்படிப்பட்டவர்கள் பங்கெடுத்த ஆய்வின் வழியாகத்தான் 2022-இல் சிகிச்சையாக வந்தது. அவர்களுக்கு மாறும் ஆய்வே நல்ல வழியாக இருக்கலாம்.

மருந்தையே கொஞ்ச காலம் நிறுத்திப் பார்க்கும் ஆய்வுகளும் உண்டு. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் வைரஸ் திரும்பும், துணைவருக்குப் பரவும் வாய்ப்பும் திரும்பும். என்னால் அதைப் பரிந்துரைக்க முடியாது.

மாறும் ஆய்வில்தான் சேரப்போகிறீர்கள் என்றால் ஏஆர்டி மையத்துக்குச் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். வராமல் போனவர் பட்டியலில் பெயர் விழுந்துவிடும். ஆய்வுக்குப் போகிறேன் என்று மருத்துவரிடம் சொல்லிப் பதிய வையுங்கள், முடிந்ததும் எந்தத் தேதியிலிருந்து டிஎல்டி கிடைக்கும் என்பதை இரண்டு பக்கமும் எழுத்தில் வாங்குங்கள். ஆய்வாளர்கள் போனில் கூப்பிடும்போது எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில் என்பதையும் சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.